தேசம்மா வளர்த்த தும்மாத முயல்கள்

கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டி மீன்கூடை தூக்காமல் முயல் வளர்த்தால் பட்டினப்பாக்கத்தில் சும்மா விடுவார்களா? சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தத் தேசம்மா என் பெண்டாட்டி. அங்கமுத்து என்கிற என் பெயர் குப்பத்தைத் தாண்டினால் ஒருவனுக்கும் தெரியாது. அவள் பெயரைச் சொன்னால் அடையாற்றில் பங்களா கேட்டைத் திறப்பார்கள்!

அங்கே ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். அந்தத் துரைசாணி சீமைக்குக் கப்பல் ஏறும்போது ஒரு ஜோடி வெள்ளை முயலை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து பெருகியதுதான் எல்லாம். மயிலாப்பூர் மார்க்கெட்டில் கழித்துப் போடும் முள்ளங்கி இலையும் கீரைத்தண்டும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

முப்பத்துநாலாம் வருஷம், இன்னொரு பங்களாவின் பட்லர் சர்தார் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். தன் துரைசாணி கிறிஸ்துமஸுக்குச் சிநேகிதர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் முயல் கொடுக்கப் போகிறாளாம்.

"நல்லதா குடு தேசம்மா. அப்பால எல்லா பங்களாவுக்கும் உன் முயல்தான்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி ஆயா வேலை கேட்டு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாமே!

ஐப்பசியில் முயல்கள் குட்டி போட்டன. அப்போதுதான் என் தங்கை கங்கம்மாவுக்கும் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குக் கடல் காற்று ஆகாது என்பது எங்கள் குப்பத்துச் சட்டம். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளே சாம்பிராணி போடுவோம். கங்கம்மாவுக்குச் செய்ததை எல்லாம் தேசம்மா முயலுக்கும் செய்தாள். கூண்டைச் சுற்றிச் சாக்கு, பொழுது சாய்ந்தால் சாம்பிராணி. "அதுவும் பச்ச ஒடம்புதானேய்யா," என்றாள். சாக்கு பற்றாததால் ஒரே ஒரு ஜோடி மட்டும் தள்ளி, ஓலைக் கொட்டகையில் காற்றாடக் கிடந்தது.

மழையில் சாக்கு ஊறியது. உள்ளே மூத்திர நாற்றமும் புகையும் கண்ணைக் கரித்தன. ஒரு முயல் தும்மியது. சளி என்று இன்னொரு சாக்கைப் போட்டாள். பிறகு எல்லாம் தும்மின. மூக்கில் சீழாக ஒழுகியது. தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியே குட்டிகள் செத்தன. அய்யோ, அவள் பட்ட பாடு! சோறே இறங்கவில்லை அவளுக்கு.

மயிலாப்பூரிலிருந்து மிருக டாக்டர் சுப்பராமன் வந்து பார்த்தார்.

"இது சளி இல்லே, கிருமி. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தொத்திண்டே போகும். காத்தை அடைச்சா அதுக்குக் கொண்டாட்டம். மூக்கு காஞ்சுட்டா போயிடுத்துன்னு நெனைச்சுடாதே, உள்ளேயே இருக்கும். முன்னங்காலோட உள்பக்கம் பாரு. மூக்கைத் தொடைச்சுத் தொடைச்சு மயிர் ஒட்டிண்டிருக்கும்."

அன்றே சாக்கையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். சாவு நின்றது. மிச்சம் இருந்தவை தின்று கொழுத்தன. கிறிஸ்துமஸுக்கு சர்தார் பாய் வந்தபோது பார்க்க எல்லாம் பஞ்சு மூட்டையாகத்தான் இருந்தன. ஆனால் தேசம்மா ஒவ்வொன்றாகக் காலைத் திருப்பிப் பார்த்தாள். கொட்டகை ஜோடியைத் தவிர எல்லாவற்றுக்கும் மயிர் ஒட்டியிருந்தது. டாக்டர் சொன்னதைப் பாயிடம் சொன்னாள்.

"கால கழுவி குடும்மா, யாருக்கு தெரியப் போவுது?"

"எனுக்கு தெரியும் பாய். புள்ளைங்க கைல சாவுற முயல நான் தர மாட்டேன்."

"அப்போ அந்த ஜோடிய குடு."

"அதுவும் போச்சுன்னா எனுக்கு இன்னா கீது?"

"இனிமே இந்தப் பக்கம் வந்தா என் பேரு சர்தார் இல்ல!" என்று கத்திவிட்டு அவர் சைக்கிளை மிதித்தார்.

அவள் சொன்னபடி நோய் கண்டதையெல்லாம் கொன்று குழி தோண்டிப் புதைத்தேன். கூண்டுகளைக் கடற்கரையில் போட்டு எரித்தாள். குப்பமே வேடிக்கை பார்த்தது. அழுதுகொண்டேதான் எரித்தாள், ஆனால் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அந்த ஒரு ஜோடியிலிருந்து மறுபடியும் பெருக்கினாள். புதுக் கூண்டு, மேலே ஓலை, சுற்றிலும் காற்று. அடுத்த ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எங்கள் வீட்டில் ஒரு தும்மல் கிடையாது!

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சைக்கிள் மணி கேட்டது.

"வா பாய், இப்போ உன் பேரு இன்னா?" என்றேன்.

"வுடு நைனா," என்று தலையைச் சொறிந்தார். போன வருஷம் வேறெங்கோ வாங்கிப் போன முயல்கள் பிள்ளைகள் மடியிலேயே தும்மித் தும்மிச் செத்தனவாம். தேசம்மா நோய் முயலைத் தர மறுத்த கதையும் காதுக்குப் போக, துரைசாணி இவரைக் கிழித்துவிட்டாளாம். "தேசம்மா முயல்னா பாக்காமயே வாங்கினு வான்னு சொல்லிட்டாங்க. எட்த்துனு வாம்மா."

"பாக்காம தர மாட்டேன். குந்து பாய். ஒவ்வொரு காலா திருப்பிப் பாரு."

முணுமுணுத்துக்கொண்டே சலவை மடிப்பு வெள்ளை உடுப்போடு மணலில் உட்கார்ந்தார் அடையாறு பட்லர். முன்பு சிரித்த அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி நின்றேன். கடைசி முயலையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அல்லாம் சுத்தமா கீது," என்றார்.

"பின்ன?" என்றாள் தேசம்மா.