டெல்மரின் கிட்டாருக்குள் இருந்த கிலுக்கு

கல்லூரிப் பட்டத்தோடு கென்டக்கி மலைக்குத் திரும்பி, படித்த பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்த முதல் வாரம் ஆர்வில் நேப்பியரின் கார் படுத்துக்கொண்டது. பள்ளிப் பேருந்தில் ஏறினான். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் ஒரு கிட்டார், வாரால் கட்டப்பட்டுப் பிள்ளையைப் போல் உட்கார்ந்திருந்தது.

"நம்மூருப் பட்டதாரி வர்றாரு, எடம் விடுங்கடா" என்றார் ஓட்டுநர் டெல்மர். கேலிதான். ஆனாலும் ஆர்விலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவன் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்.

டெல்மருக்குப் பகலில் பேருந்து; சனிக்கிழமை சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பாட்டு. ஒருமுறை நாஷ்வில் போய் ஓர் இசைத்தட்டு பதிந்தார். அங்கேயே இருக்கச் சொன்னார்களாம். தோட்டத்தில் பீன்ஸ் முற்றிவிடும் என்று திரும்பிவிட்டார். பாடுவதற்கு முன் கிட்டாரைக் காதோரம் தூக்கி ஒரு குலுக்கு குலுக்குவார். உள்ளே கிலுகிலுவென்று கேட்கும். கிலுகிலுப்பை விரியன் பாம்பின் வால் நுனி அது. எலியும் ஈரமும் அண்டாது என்று அந்த மலைப்பக்கத்து வாத்தியக்காரர்கள் போட்டு வைப்பது. மனைவி வெர்னாவுக்கு அது ஆகவே ஆகாது.

சென்ற மார்ச்சில் நுரையீரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து டெல்மர் போய்ச் சேர்ந்தார். கட்டிலோரம் இருந்த கிட்டாரை, காலமெல்லாம் அவர் பக்கத்தில் நின்று பாஞ்சோ வாசித்த ஹோபார்ட், கம்பி மாற்றுவதாகச் சொல்லி எடுத்துப் போனார். வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி திறந்திருக்க, ஊரே வந்து பார்த்துப் போகும் நாளில், டெல்மரிடம் கிட்டார் பழகிய ஆர்வில் ஒரு பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. ஹோபார்ட் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆர்வில் அதை டெல்மரைப் போலவே காதோரம் தூக்கிக் குலுக்கினான்.

சத்தமே இல்லை.

ஹோபார்ட் அவன் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். லெக்சிங்டனில் பழைய கிட்டார் வாங்கும் கடைக்காரனோடு அவருக்குப் பழக்கம் உண்டு என்பது ஆர்விலுக்கு நினைவு வந்தது. மரத்தில் இருந்த கீறல்கள்கூட யாரோ வேண்டுமென்றே போட்டவை போலத் தெரிந்தன. வெர்னாவுக்கு டெல்மர் விட்டுப்போனது இது ஒன்றுதான், அதையுமா?

"இது டெல்மர் மாமாவோடது இல்ல. மாத்திட்டீங்க" என்றான்.

"மெல்லப் பேசு."

"ஏன், வெர்னா அத்தை காதுல விழுந்துடும்னா?"

"ஆமா. அதுக்குத்தான்."

கூடத்தில் தட்டுகளின் சத்தம் நின்றது. வெர்னா திரும்பினாள். ஹோபார்ட் சவப்பெட்டியருகே போய், டெல்மரின் கோட்டுப் பையில் இரண்டு விரலை விட்டு ஆட்டினார். கிலுகிலுவென்றது.

"அவன்தான் எடுத்து வைக்கச் சொன்னான். எலியும் ஈரமும் இனிமே எனக்குத்தானடா, வெர்னாகிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னான்."

வெர்னா அதை வெளியே எடுத்து, நுனி விரலால் பிடித்துச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு திரும்பப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"போற எடத்துலயாவது சத்தம் போடாம இருய்யா."

அன்றைக்கு ஆர்வில் வாசிக்கவில்லை; ஹோபார்ட்தான் வாசித்தார். சனிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் இப்போதும் பாஞ்சோ வாசிக்கிறார். கடைசி வரிசையில் உட்காரும் ஆர்விலை அவர் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. கிட்டார் வெர்னாவின் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. டெல்மர் தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில், தன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.