பலகையின் மறுமுனை

பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்கிறார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில். தை மாத வெயிலில், ஆடு மேய்ந்துகொண்டிருந்த ஏரிக்கரையில். காய்ச்சலில் கிடந்தவர் என் கணவர், நான் அல்ல. ஆகையால் ஜுரத்தில் உளறுகிறேன் என்று தள்ளிவிட வேண்டாம். ஏரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். ராசிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மாட்டுவண்டியில் போகிற தூரம். அது போதும்.

1938ஆம் வருஷம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தார். அங்கே நிரந்தர உத்தியோகம் ஒன்று காலியாயிற்று. இவரும் ரங்கன் என்ற இன்னொரு உதவியாளரும் போட்டி. இந்த ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுவதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஒரு நாள் விடாமல் பார்த்து எழுதி வந்தால் உத்தியோகம் இவருக்கு. நடுவில் நாள் விட்டுப்போனால் ரங்கனுக்கு. பேராசிரியர் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்.

இன்னொன்றும் சொன்னார். "குடிசைக்குள் தனியாகப் போகக் கூடாது. எப்போதும் இரண்டு பேர்."

அது பறவைகளுக்காக என்று நினைத்தோம். ஏரிக்குள் நீண்டிருந்த மண்திட்டின் நுனியில் ஒரு பனையோலைக் குடிசை. ஆய்வுக்கூடத்தார் முன்பே கட்டி வைத்தது. வண்டிக் கூண்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முன்பக்கம் கூடுகளைப் பார்க்க ஒரு துவாரம். பின்பக்கம் தட்டிக் கதவு. ஆள் நுழைவதைக் கண்டால் நாரைகள் மொத்தமாக எழும்பிவிடும். அந்த ஆள் வெளியே போகும்வரை கூட்டுக்குத் திரும்பாது. வெயிலில் முட்டையும் குஞ்சும் வாடும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பேர் உள்ளே போவார்கள். ஒருவர் மட்டும் வெளியே வந்து, பறவைகள் நன்றாகப் பார்க்கும்படி, கரையோடு மெதுவாக நடந்து போவார். நாரைக்கு எண்ணத் தெரியாது. குடிசை காலியாகிவிட்டதென்று நினைத்து இரண்டே நிமிஷத்தில் அடங்கிவிடும். மாலையில் ஒருவர் உள்ளே போய், உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்.

அந்த நடந்து போகிறவள் நான்.

"உனக்கு உத்தியோகம் திரும்பிப் போறது, எனக்கு உத்தியோகம் உக்காந்திருக்கிறது புள்ள" என்று இவர் சிரிப்பார்.

"என்ர உத்தியோகத்துக்குச் சம்பளம்?"

"ராத்திரிச் சோறு."

"அதையும் நான்தானுங்களே ஆக்கறேன்?"

உள்ளே கிட்டக்கிட்ட வைத்த இரண்டு கல்லின்மேல் போட்ட ஒரு பலகைதான் ஆசனம். மறுமுனையில் இவர் தொப்பென்று உட்கார்ந்தால் என் முனை எழும்பும். வேண்டுமென்றே செய்வார். நான் விழப்போவேன். அங்கே நாங்கள் சத்தமில்லாமல் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போதும் நினைவிருக்கிறது.

குஞ்சுகள் பொரித்து இரண்டு வாரமிருக்கும். இவருக்கு மலேரியா வந்தது. கரையை அடுத்து நாங்கள் தங்கியிருந்த வீட்டில் கட்டிலோடு கட்டிலாகப் போட்டுவிட்டது. கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டு, "நாள் விட்டுப் போயிருமே" என்று அதையே முனகினார்.

"நான் போய் உக்காந்து எழுதிட்டு வாரேனுங்க" என்றேன்.

"தனியாவா? வேண்டாம் புள்ள. புரொபசர் சொல்லியிருக்காரு."

"பறவைக்காகத்தானுங்களே சொன்னாரு. கொஞ்ச நேரம் மேலே சுத்தும். அப்புறம் அலுத்துப் போய் உக்காந்துக்கும்."

கரையில் ஆடு மேய்க்கும் பாப்பாயியைத் துணைக்குக் கூப்பிட்டேன். குடிசைவரை வந்துவிட்டுத் திரும்பினால் போதும் என்றேன். அவள் குடிசையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"குட்டி போட்ட ஆடு இருக்குதுங்க அம்மிணி. உட்டுட்டு வர முடியாதுங்க."

குட்டி போட்ட ஆடு எதுவும் என் கண்ணில் படவில்லை.

முதல் நாள். காலை ஆறரை. நான் மட்டும் நுழைந்தேன். நாரைகள் எழும்பின. பலகையில் என் முனையில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் என் பக்கம் பலகை லேசாக இறங்கியது. கல் நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு நிமிஷம். நாரைகள் எல்லாம் கூட்டில் வந்து உட்கார்ந்துவிட்டன.

எனக்குச் சந்தோஷம். பிறகுதான் உறைத்தது. ஒருத்தி உள்ளே வந்தேன். யாரும் வெளியே போகவில்லை. பின் எப்படி அடங்கின?

மாலையில் கூப்பிட ஆளில்லை. பறவைகள் கலையாமலிருக்க, நன்றாக இருட்டும்வரை காத்திருந்து வெளியே வந்தேன். பாப்பாயி ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுக்காரருக்குக் காச்சல் தேவலையாட்ட இருக்குது?"

"இல்லையே. எந்திரிக்கவே முடியலை."

"காலையில உங்களைக் கொண்டாந்து உட்டுட்டுத் திரும்பிப் போனாரே? தொப்பி வெச்சிருந்தாரே?"

வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்பைத் தொட்டுப் பார்த்தேன். சேறில்லாமல் காய்ந்திருந்தது. கழுவித் துடைத்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறார். நான் ஒழுங்காக எழுதுவேன் என்று இவருக்கு நம்பிக்கை இல்லை. அப்படித்தான் என் புத்தி போயிற்று.

"எதுக்குங்க என்னை வேவு பார்க்கறீங்க?"

"நானா?" சிரிக்கப் போனவருக்குப் பல் கிட்டியது. போர்வையோடு நடுங்கினார். அந்த நடுக்கத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

இரண்டாம் நாள். இவர் செருப்பையும் தொப்பியையும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஆறரைக்கு உள்ளே போனேன்.

உட்கார்ந்தேன். பலகை இறங்கியது.

கதவின் இடுக்கில் கண்ணை வைத்தேன். மண்திட்டின் மேல் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தலையில் சோலாத் தொப்பி. கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் அகற்றி, மெதுவாக, திரும்பிப் பார்க்காமல்... பறவைகள் பார்க்க வேண்டும் என்று நான் நடக்கும் அதே நடை. இந்த நடை ஆய்வுக்கூடத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.

திட்டு கரையில் சேரும் இடத்து மதகு வரைக்கும் போனான். அங்கே நின்றுவிட்டான்.

ரங்கன்! எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வேலையைக் கெடுக்க வந்திருக்கிறான். ஆனால் இந்தக் குடிசைக்குள் ஒரு ஆள் ஒளிய இடமேது? திட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர். அவன் எங்கிருந்து புறப்பட்டான்?

மறுபடி கண்ணை வைத்தபோது மதகில் யாரும் இல்லை. ஆடுகள் மட்டும் மதகைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன.

"ரங்கனா? அவன் சென்னையில வேலை பார்த்துட்டு இருப்பான் புள்ள" என்றார் இவர் அன்று ராத்திரி. "நாளைக்குப் போகாதே."

"இன்னும் கொஞ்ச நாள்தானுங்களே. குஞ்சுக்கு இறகு வந்துருச்சு."

அந்த உத்தியோகம் கிடைத்தால் சென்னையில் தனி வீடு எடுக்கலாம். மாமனார் மாதாமாதம் அனுப்பும் அரிசியை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கும் ஆசை இருந்தது.

மூன்றாம் நாள். ஒரு கழியை எடுத்துப் போனேன். குடிசையின் நாலு மூலையையும் குத்திப் பார்த்தேன். யாரும் இல்லை. கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்டினேன். மூன்று முடிச்சு.

உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை கவனித்தேன். நான் உட்கார்ந்தபோதே என் முனை உயர்ந்துதான் இருந்தது. மறுமுனையில் ஏதோ கனம்.

பிறகு என் முனை இறங்கியது.

கதவு அசையவில்லை. முடிச்சு அப்படியே இருந்தது. ஆனால் வெளியே... காய்ந்த கோரைமேல்... சரக்... சரக்... சரக்...

போகிற காலடி.

இரண்டு நிமிஷம். நாரைகள் அடங்கின.

அன்று பகலெல்லாம் அவன் மதகில் நின்றான். என் பக்கம் முதுகு. வெயில் உச்சிக்கு வந்தது. நகரவில்லை. எழுந்து ஓடலாம். ஓடினால் மதகைத் தாண்டித்தான் ஓட வேண்டும். எந்தக் கூட்டுக்கு எந்தப் பறவை இரை கொண்டுவந்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது?

ஐந்தே முக்கால். வெயில் மஞ்சளானது.

அவன் திரும்பினான்.

தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை. குடிசையைப் பார்த்து நடந்து வந்தான்.

நாரைகள் எழும்பின. ஒன்றுகூட மிச்சமில்லை.

சரக்... சரக்...

கதவுக்கு வெளியே நின்றது.

முடிச்சு அவிழவில்லை.

நான் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பார்க்கவில்லை.

பலகையில் என் முனை... மெதுவாக... மேலே எழும்பியது.

எப்படிக் கயிற்றை அறுத்தேன் என்று தெரியாது. ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் பாப்பாயி கோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கண் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அந்தப் பார்வை மெல்ல நகர்ந்தது. என்னைக் கடந்தது. கரையோடு போயிற்று.

ஏரியில் நாரைகள் அடங்கிவிட்டன.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்க" என்றாள் பாப்பாயி. "அவரு மதகுகிட்ட நிக்கலீங்க. மதகைத் தாண்டிப் போறாரு."

"எந்தப் பக்கம்?"

எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

வீட்டில் இவர் மட்டும்.

ஓடினேன். கதவு திறந்திருந்தது. இவர் கட்டிலில் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மறு ஓரத்தில் கட்டில் கயிறு இன்னும் பள்ளமாகத் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலே வந்தது.

"யாருங்க வந்தது?"

"தெரியலை. தொப்பி வெச்சவரு. 'கூப்பிட வந்தேன்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்திரிக்க முடியலைன்னேன். நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு."

குஞ்சுகள் பறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் யோசிக்கவில்லை. அப்போதே வண்டி பிடித்தேன். இவரைப் போர்வையோடு ஏற்றினேன். "உத்தியோகம் போயிருமே புள்ள" என்றார். "போகட்டுமுங்க" என்றேன். பொழுது விடியும்போது திருச்செங்கோட்டில் இருந்தோம். காய்ச்சல் நாலாம் நாள் இறங்கியது.

பங்குனியில் சென்னைக்குப் போய்ப் பேராசிரியரைப் பார்த்தோம். நான் தனியாகப் போனதையும், பயந்து பாதியில் கிளம்பியதையும் மட்டும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "இரண்டு பேர் என்று சொன்னேனே அம்மா" என்றார். உத்தியோகம் ரங்கனுக்குப் போயிற்று.

வெளியே வந்தபோது, ஆய்வுக்கூடத்துச் சிப்பந்தி சடையன் என்னை நிறுத்தினார். சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர். நாற்பது வயதிருக்கும். அதற்குமுன் அவரிடம் நான் பேசியதே இல்லை.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. அவரு மதகுகிட்ட நின்னாருங்களா?"

மதகைப் பற்றிச் சென்னையில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால அந்தக் குடிசையில உக்காந்தவரு சுப்பையன்னு ஒருத்தருங்க. இங்க ஆராய்ச்சிக்கு வந்தவரு. காலையில கூடப் போயிட்டுத் திரும்பறது என்ர வேலை. சாயங்காலம் போய் 'கூப்பிட வந்தேனுங்க'ன்னு சொல்றதும் என்ர வேலை. ஒரு நாள் ராசிபுரம் சந்தைக்குப் போயிட்டேன். வரப் பொழுதாயிருச்சு. ஓடியாந்து பார்த்தா, அவரே மதகுகிட்ட நிக்கறாரு. தொப்பி, சட்டை எல்லாம் அவருதுதான். கோவத்துல தானே எந்திரிச்சு வந்துட்டாருன்னு நினைச்சு, கிட்டப் போகாம ஊட்டுக்குப் போயிட்டனுங்க."

"அப்புறம்?"

"ராத்திரி அவரு வரலை. விடிஞ்சு போய்ப் பார்த்தா, குடிசைக்குள்ள பலகையில சாஞ்சு உக்காந்திருந்தாரு. கால்ல பாம்புக் கடி. கூரையெல்லாம் நாரை அடைஞ்சு கெடந்துச்சு. டாக்டர் பார்த்துட்டு, முந்தின நாள் உச்சிக்கு முன்னாடியே உசுரு போயிருச்சுன்னாரு."

சடையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்படீன்னா சாயங்காலம் நான் பார்த்தது யாருங்க?"

இவர் பிறகு சேலத்தில் பள்ளிக்கூட வாத்தியாரானார். நன்றாகத்தான் இருக்கிறோம். அன்று ஊருக்குத் திரும்பும் ரயிலில் நான் இவரிடம் ஒன்று கேட்டேன். நான் திரும்பிப் போன பிறகும், நாள் முழுக்க, பலகையின் நடுவில் சௌகரியமாக உட்காராமல் ஏன் ஒரே முனையில் உட்கார்ந்திருந்தீர்கள்? மாலையில் நான் கூப்பிடப் போகும்போதெல்லாம் அப்படித்தான் இருந்தீர்களே?



"நடுவுல இடம் இருக்கிற மாதிரியே தோணலை புள்ள" என்றார்.