இடக்கைக்குத் திருப்பிய கித்தார்

ஒரு கித்தாரின் நெஞ்சைத் துளைத்து, அதில் மின்குமிழைச் செருகி, வரவேற்பறை மூலையில் விளக்காக நிறுத்தி வைப்பதற்கு ஒருவருக்கு எப்படி மனம் வரும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இலங்கை மலையகத்தில், எல்ல என்னும் ஊர்ப் பக்கம், சுற்றுலாப் பயணிகளுக்கென நடத்தப்பட்ட ஒரு விடுதியில் அது நடந்தது. விடுதி மூடப்பட்டபோது, நாற்காலிகளோடும் கண்ணாடிகளோடும் அந்த விளக்கும் பதுளையில் பழைய பொருள் வாங்கி விற்கும் காமிலின் கடைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதைக் கண்டவள் துஷாந்தினி.

துஷாந்தினி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடொன்றில், பிறந்தவள். தாய் பெரியாயி இன்னமும் கொழுந்து பறிக்கிறார். மகள் பதுளை பஸ் நிலையத்துக்கு அருகில், கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்கிறாள். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவள். எழுதுவதும் ஈயம் பற்றவைப்பதும் இடக்கையால்தான். சோறுண்பதை மட்டும் அடித்தடித்து வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டத்து இசைக்குழுவில் நான்கு தந்தி பேஸ் கித்தார் வாசிக்க அவளுக்கு ஆசை. வலக்கைக்காரருக்கென்றே செய்யப்பட்ட இரவல் கித்தார்களைத் தலைகீழாகப் பிடித்துப் பழகினாள். இடக்கைக்காரருக்கான பேஸ் கித்தார் பதுளையில் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. இடக்கையோடும் மனிதர் பிறக்கிறார்கள் என்பதைக் கடைக்காரர்கள் அறியமாட்டார்கள் போலும்.

“லைட் நல்லா எரியும் தங்கச்சி. வயரும் புதுசு,” என்றார் காமில்.

“லைட்ட நீங்களே வச்சுக்கங்க நானா,” என்றாள், அண்ணன் முறை வைத்து. “எனக்கு மரம் போதும்.”

“மரத்த என்ன செய்யப் போற, அடுப்பெரிக்கவா?”

“வாசிக்கப் போறேன்.”

காமில் துளைக்குள் விரல்களை விட்டுப் பார்த்தார். “இதுக்குள்ளால கையே போகுது. இதுலயா சத்தம் வரப் போகுது?”

“ஓட்டையால சத்தம் வர்றது மத்தக் கித்தாருக்கு நானா. இதுல கம்பி ஆடுறதக் காந்தம் புடிச்சுக் கரண்டாக்கும்.”

“காந்தம் எங்க?”

“அதத்தான் அந்த லைட்டுக்காரன் பிடுங்கி எறிஞ்சிருக்கானே.”

அது ஜப்பானில் செய்யப்பட்ட பேஸ் கித்தார், பெரியாயியைவிட மூத்தது. இரு தோள்களும் ஒத்த வடிவில் இருந்ததால், திருப்பிப் பிடித்தாலும் மடியில் சரியாக அமரும் என்று துஷாந்தினி கணக்கிட்டாள். மற்றவை யாவும் சீரழிந்திருந்தன. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியின் திருகுமரை துருப்பிடித்து இறுகியிருந்தது. அதில் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மாலையும் சிறிதளவே திருகி, கழுத்தை நிமிர்த்தினாள். அவசரப்பட்டிருந்தால் கம்பி முறிந்திருக்கும். பழுதான வேறொரு கித்தாரிலிருந்து காந்தச் சுருளை எடுத்து, அறுந்த மென்கம்பியைக் களைந்து, புதிதாகச் சுற்றினாள்.

துளையை அடைப்பதற்கு அவள் தேர்ந்தெடுத்தது தேயிலை மரம். மறுநடுகைக்காகப் பிடுங்கப்பட்ட பழைய தேயிலைத் தூர்கள் லயத்துக் கொல்லையில் விறகாகக் குவிந்து கிடந்தன. ஆணி இறங்க மறுக்கும் மரம் அது. அதில் வட்டமாக ஒரு துண்டை அறுத்து, தேய்த்துத் தேய்த்துத் துளைக்குள் இறுகப் பொருத்தினாள்.

“நல்ல வெறகா பாத்து எடுத்துட்டியே,” என்றார் பெரியாயி. “ராத்திரிக்கு ரொட்டிய எதுல சுடுறது, உன் கித்தார்லயா?”

“கொஞ்சம் பொறும்மா. அது சுடுறதுக்கு இல்ல.”

“அந்தத் தூருல நான் எத்தன வருசம் கொழுந்து எடுத்திருக்கேன் தெரியுமா? எனக்கும் அதுல பங்கு இருக்கு.”

இறுதியாக, கித்தாரை இடக்கைக்குத் திருப்பினாள். தந்திகள் கழுத்தின் தலைப்பில் வந்து அமரும் சிறு வரப்பில் நான்கு பள்ளங்கள் உண்டு. தடித்த தந்திக்கு அகன்றது, மெல்லியதற்குக் குறுகியது. வலக்கைக் கித்தாரில் அந்த வரிசை ஒருவிதம். இடக்கைக்கு அது அப்படியே மாற வேண்டும். பித்தளைத் துண்டொன்றில் தன் தந்திகளுக்கு ஏற்பப் புதிய வரப்பை அராவினாள். தோள்வாரின் குமிழை மறுபக்கத் தோளுக்கு மாற்றினாள். முழங்கை இடிக்காதபடி ஒலித்திருகுகளையும் இடம் பெயர்த்தாள். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த வேலையில் கழிந்தது. முதன்முறை தந்தியைத் தட்டியபோது, அடுப்படித் தகரம் அதிர்ந்ததாகப் பெரியாயி என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மாரியம்மன் திருவிழாவுக்கான ஒத்திகை கோயிலை அடுத்த வாசிகசாலையில் நடந்தது. இசைக்குழுத் தலைவர் ஜெயகுமார் துஷாந்தினியை மகிழ்ச்சியுடன் சேர்த்துக்கொண்டார். அம்மன் முன்னிலையில் தன் கித்தாரைத் தன் கையால் வாசிக்கவேண்டும் என்பது ஒன்றே அவளுடைய விருப்பம். திருவிழாக் குழுவின் தலைவர் ரெங்கசாமி, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. ஒத்திகை பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரும்மா அது, பீச்சாங்கையால தட்டுறது?”

“நான்தாங்க ஐயா. பெரியாயி மக.”

“சாமிக்கு முன்னால பீச்சாங்கையாலயா வாசிப்ப?”

“ரெண்டு கையாலயும்தான் வாசிக்கிறேன். சோத்தாங்கை கழுத்தப் புடிக்குதுங்க.”

“புடிக்கிறது பெருசில்ல. தட்டுறது எந்தக் கை? பூசைக்கு ஆகாத கை சாமிக்கு முன்னால கூடாது. கைய மாத்தி வாசி, இல்லன்னா வீட்டுல இரு.”

அவர் போய்விட்டார். அங்கிருந்தவர்களுள் ஒருவரேனும் வாய் திறந்திருக்கலாம். துஷாந்தினி அவரிடம் பிறகு பேசிப் பார்க்கலாம் என்றெண்ணி, கித்தாரை வாசிகசாலை அலுமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஒத்திகைக்குச் சென்றபோது, அந்தக் கித்தார் ஜெயகுமாரின் அக்காள் மகன் கிரிஷாந்தனின் மடியில் இருந்தது. தந்திகள் நான்கும் வலக்கைக்கு மாற்றப்பட்டிருந்தன. குறுகிய பள்ளத்தில் தடித்த தந்தி அமராததால், அவள் அளந்து அராவிய பித்தளை வரப்பை இரும்பு அரத்தால் முரட்டுத்தனமாகக் குடைந்திருந்தார்கள்.

“ஒரு நாளைக்குத்தானே துஷா,” என்றார் ஜெயகுமார். “திருவிழா முடிஞ்ச மறுநா பழையபடி மாத்திக் குடுத்துர்றேன்.”

“என்னையக் கேட்டீங்களா அண்ணே?”

“கேட்டா நீ விடமாட்ட.”

கேட்டால் மறுப்பாள் என்று தெரிந்துகொண்டே கேளாமல் விடுவதை என்னவென்று அழைப்பது? தமிழில் அதற்கு நல்ல சொற்கள் உள்ளன. அவற்றை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அவளது கையை ஆகாததென்று ஒதுக்கினார்கள். அதே கை செய்த கித்தார் மட்டும் அவர்களுக்கு ஆகுமாம். துஷாந்தினி கித்தாரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். பெரியாயி வரப்பின் காயத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்து வீடுகளுக்குப் போய்வந்தார்.

அத்தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று, பெண்கள் அம்மனுக்கென்று கொழுந்து பறிப்பார்கள். அன்றைய கொழுந்தில் கிடைப்பது முழுவதும் கோயிலைச் சேரும். பந்தலும் பூவும் அதில்தான் வரும். அந்த ஞாயிறும் பெண்கள் வழக்கம்போல விளைச்சல் பெருக “பொலியோ பொலி” என்று கூவித்தான் தேயிலை மலையில் இறங்கினார்கள். ஆனால், ஒவ்வொருத்தியும் தன் இடக்கையை இடுப்பில் கட்டிய படங்கு என்னும் சாக்குச் சீலைக்குள் செருகிக்கொண்டாள். வலக்கை மட்டுமே கொழுந்தைக் கிள்ளியது.

தராசடியில் திருவிழாக் குழுவின் சார்பில் ரெங்கசாமி நின்றார். முதல் கூடையைத் தூக்கிப் பார்த்தவரின் முகம் சுருங்கியது.

“என்ன பெரியாயி, கூடை இப்படிக் கெடக்கு?”

“சாமிக் கொழுந்துங்க ஐயா. பீச்சாங்கை படக்கூடாதுல்ல.”

“வெளையாடுறியா? கொழுந்து பறிக்கிறதும் வாசிக்கிறதும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்லீங்க. கொழுந்துல தேத்தண்ணி ஊத்தலாம்.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பின்னால் நின்ற மீனாம்பாள், “போன வருசம் பந்தல்ல பாதி பீச்சாங்கை பறிச்சதாச்சே, ஐயா,” என்றாள். “அது எந்தப் பாதின்னு சொன்னீங்கன்னா, இந்த வருசம் அத மட்டும் கட்டாம விட்றலாம்.”

ரெங்கசாமி அடுத்தடுத்த கூடைகளைப் பார்த்தார். அனைத்தும் ஒரே அளவில் குறைந்திருந்தன. பகல் பாதி மீதமிருந்தது.

“சரி. ரெண்டு கையாலயும் பறிங்க.”

“அப்ப எம் மக?”

“வாசிக்கட்டும்.” சற்றுப் பொறுத்து, “ஓரமா நின்னு,” என்றார்.

“அப்ப நாங்களும் ஓரத்து மலையில மட்டும் பறிக்கிறோங்க.”

அவர் தராசை நோக்கித் திரும்பிக்கொண்டார். “எங்கயாவது நின்னு தொலையட்டும்.”

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. கோயிலும் அம்மனும் நியாயமும் இறக்காத மனத்தை ஒரு தராசு இறக்கியது. அதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுதியாக வருகிறது. தராசு இல்லாத இடத்தில் அவள் என்ன செய்திருப்பாள்?

திருவிழாவில் வாசிக்கும்படி ஜெயகுமார் அழைக்க வந்தபோது, துஷாந்தினி புதிய பித்தளைத் துண்டொன்றையும் நுண்ணரத்தையும் அவர் கையில் கொடுத்தாள். மூன்று மாலைகள் அவர் லயத்து வாசலில் அமர்ந்து அராவினார். அவள் அருகில் நின்று பள்ளம் பள்ளமாகப் பார்த்து, சரியில்லாதவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் தந்தி பூட்டும்போது, பழக்கத்தால் அவர் தடித்த தந்தியை வலக்கைக்காரர் பக்கமே கொண்டுபோனார்.

“அண்ணே, அந்தப் பக்கம்.”

ஜெயகுமார் அதைக் கழற்றினார். உடன் வந்திருந்த கிரிஷாந்தன் சிரித்தான், மாமாவின் பார்வை பட்டதும் நிறுத்திக்கொண்டான்.

திருவிழாவன்று அவள் மேடையின் நடுவில் நின்றாள். கித்தாரின் நெஞ்சில் தேயிலை வட்டம் பழுப்பாக மின்னியது. ரெங்கசாமி முன்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, அம்மனை மட்டும் பார்த்தபடி இருந்தார். துஷாந்தினி இடக்கையை உயர்த்தி முதல் தந்தியைத் தட்டினாள். பந்தல் கால்கள் அதிர்ந்தன.