வலது கண்ணில் நீலம்

முப்பத்தோரு வருஷம் அவள் பல் செய்தாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பல் வார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்தை அதில் கொண்டுவருவது லேபில் அவளுடைய வேலை. வெள்ளையில் பதினாறு வெள்ளை இருக்கிறது என்பாள். கூட வேலை செய்தவர்கள் அவளைப் பல்லக்கா என்றார்கள்.

ஓய்வு பெற்றபின் பிளாஸ்டிக் மாடல்களைப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் நிறத் துண்டுகளாகப் பெட்டியில் வரும் கப்பல், வண்டி, விமானம். ஒட்டுவதில் அவளுக்குப் பெரிய ஆசை இல்லை. பிளாஸ்டிக்கை மரமாக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் மணல் நிறத்தில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் பலகையின் இருபுறமும் டேப். மயிர் பிரிந்துபோன பழைய பிரஷ்ஷில் ஆயில் பெயின்டைத் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் மரம் அங்கேயே செத்துவிடும்.

தம்பி ஆற்றுப் படகில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அதன் தளத்தைத் தினமும் தேய்த்துக் கழுவியவன். படகை உடைக்கப்போகிறார்கள் என்றதும், “அந்தத் தளத்த மட்டும் எனக்குப் பண்ணிக் குடுக்கா” என்று வந்து நின்றான். அதே ஜாடையில் ஒரு பெட்டி கிடைத்தது. எண்பது பலகை. வெயிலில் வெளுத்த மரமாக நாற்பதை முடித்திருந்தபோது வலது கண்ணில் புரை எடுத்தார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று வீட்டுக்காரரின் சட்டையைப் பார்த்து, “இது எப்ப வாங்குனது?” என்றாள்.

“நீதான் நாலு வருஷமா துவைக்கிற.”

மேசைக்குப் போனாள். தளம் நீலமாக இருந்தது.

வலது கண்ணைப் பொத்தினாள். மரம். இடது கண்ணைப் பொத்தினாள். ஊதா மை கலந்த தண்ணீர். சுவரைப் பார்த்தாள், அதிலும் லேசாக நீலம். அப்படியானால் தப்பு பலகையிலா, கண்ணிலா?

“உங்க பழைய லென்ஸ் மஞ்சளாயிருந்துச்சும்மா. டீயில நனைச்ச துணி வழியா பாத்த மாதிரி. இப்பத் தெரியறதுதான் நிஜம்” என்றார் கண் டாக்டர்.

“அப்ப நான் கலந்ததெல்லாம்?”

“எத கலந்தீங்க?”

அடுத்த வாரம் இடது கண் என்று எழுதிக் கொடுத்தார்.

தெருவில் ஜனங்களின் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். லேபில் கடைசிச் சில வருஷங்கள் எந்த வெள்ளையைக் கொடுத்தாளோ. மருந்துக் கடைக்காரி சிரிப்பதை நிறுத்திவிட்டு, “என்னக்கா, பல்லுல ஏதாவது ஒட்டிருக்கா?” என்றாள்.

நாற்பத்தொன்றாவது பலகையைப் புதுக் கண்ணை நம்பிப் போட்டாள். வலது கண் ஒப்புக்கொண்டது. இடது கண்ணுக்கு அது ரஸ்க் மாதிரி இருந்தது. தின்னர் தொட்டுத் துடைத்தாள். மூன்று தடவை போட்டு மூன்று தடவை துடைத்தாள்.

“ரெண்டு கண்ணும் சண்ட போடுதுங்க.”

“மூணாவதா என்னக் கேளேன்” என்றார் வீட்டுக்காரர்.

“சொல்லுங்க.”

“மரம் மாதிரிதான் இருக்கு.”

“எந்த மரம்?”

“பொதுவா.”

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கண் விஷயம் எதையும் அவள் சொல்லவில்லை. உட்காராமல், குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“என்னது?”

“கழுவி விட்டுத் தண்ணி வடிஞ்சு, இன்னும் காயாம இருக்கும்ல. ஆளுங்க ஏறுறதுக்கு முன்னால. அப்ப அப்படியே வானம் அதுல கெடக்கும். நான் மட்டும்தான் பாத்திருப்பேன்.”

“அது காஞ்ச பலகடா.”

“வெளையாடாதக்கா. மீதியையும் இப்படியே போடு. மாத்திக் கீத்தித் தொலைச்சிடாத.”

அவன் போனபின் பிரஷ்ஷைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் போட்டது உச்சி வெயிலில் கிடந்த பலகை. அவன் அதில் கண்டது வேறொன்று. கலவைக்கு அளவு எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. போதும் என்று கண் சொல்லும், நிறுத்துவாள். எல்லாவற்றையும் மஞ்சளாய்ப் பார்த்த பழைய கண், நீலம் நிறையச் சேர்ந்த பிறகுதான் போதும் என்றது. புதுக் கண்ணோ நீலத்தின் வாசனை பட்டவுடனே போதும் என்கிறது. தம்பி கேட்கிற தளத்தைப் போட, கெட்டுப்போன கண்தான் வேண்டும். அதையும் அடுத்த வாரம் எடுத்துவிடுவார்கள்.

இடது கண்ணைத் தள்ளிப் போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

“ஏம்மா, காய்ச்சலா?” என்றாள் நர்ஸ்.

“இல்ல. இன்னும் நாப்பது பலக பாக்கி இருக்கு.”

“பலகையெல்லாம் தூக்கக் கூடாதும்மா.”

“தூக்கல. பெயின்ட்தான் அடிக்கிறேன்.”

“அதுக்கு வேற ஆளே கெடைக்கலயா? ஒரு மாசம் தள்ளிப் போடுறேன். அப்புறம் முத்திடுச்சுன்னு எங்ககிட்ட வந்து நிக்காதீங்க.”

வலது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. பிரஷ் பலகைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே காற்றைத் தொட்டது. சுண்டுவிரலைத் தளத்தின் ஓரத்தில் ஊன்றி, இடம் தெரிந்தபின் இழுத்தாள்.

இடது கண்ணுக்கு நன்றாகக் காய்ந்த மரம். சந்தேகமே இல்லை. அவன் வந்து ஈரம் என்பான்.

கை பஞ்சுவரை போனது. எடுத்துவிட்டுப் பார்த்தால் நீலம் விழுந்ததா இல்லையா, இரண்டில் ஒன்று தெரிந்துவிடும், தெரியாமலும் போகலாம். கையை இறக்கி, அடுத்த பலகைக்கு டேப் கிழித்தாள்.