தலைப்பொங்கலுக்கு வந்த துப்பாக்கி

வெள்ளைக்காரன் காலம் அது. கல்யாணமாகி முதல் பொங்கலுக்கு என்னை எங்க அப்பா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்த என் வீட்டுக்காரரு, கூடவே ஒரு துப்பாக்கியையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. சூரமங்கலத்துல ரயில் ஆபீஸ் வேலை. கோட்டு, கிராப்பு, மீசைக்கு மெழுகு வேற. வண்டியை விட்டு இறங்கினதும் இறங்காததுமா எங்க அப்பாகிட்ட, உங்க ஊர்க் கரட்டுல, அந்தப் பாறைக் குன்றுல, நரி இருக்குதாமே, ஒண்ணைச் சுட்டுட்டுத்தான் திரும்புறதுன்னு சொல்லிட்டாரு.

எங்க அப்பாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. காரணம் இருக்கு. சேலத்துக்குக் கிழக்கே எங்க ஊருப் பக்கமெல்லாம், பொங்கல் கழிஞ்சு கரிநாள் அன்னைக்கு வங்காநரியை உயிரோட வலையில பிடிப்பாங்க. மாலை போட்டு, மாரியாத்தா கோயிலைச் சுத்திக் கொண்டாந்து, ஊரே அது முகத்துல முழிச்ச பிறகு, பிடிச்ச இடத்துலயே விட்டுருவாங்க. அப்பத்தான் மழை பெய்யும், கம்பும் சோளமும் விளையும். நரிக்கு இந்த மரியாதையெல்லாம் பிடிக்குதான்னு யாரும் கேட்டதில்லை. முன்னெல்லாம் கரடு பூரா நரிதான். ஞாயித்துக்கிழமையானா டவுன்லருந்து வர்ற துப்பாக்கிக்காரங்க, முயல் அம்படலைன்னா நரியைச் சுட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. அப்படிச் சுட்டுச் சுட்டு, அந்த வருஷம் ஒத்தை நரிதான் கண்ணுல தட்டுப்பட்டுச்சு.

அதையும் இவரு சுட்டுட்டா? மழை பொய்க்கிற ஒவ்வொரு வருஷமும் என் பேருதான் அடிபடும். இன்னார் மக புருஷன் சுட்டான்ல, அதான்னு சொல்லுவாங்க. கிணறு வத்தினா நான், மாடு சினை பிடிக்கலைன்னா நான். பொறந்த ஊருல அப்புறம் தலை காட்ட முடியுமா?

வேண்டாம்னு சொல்லிட்டா முடிஞ்சுதேன்னு நீங்க நினைப்பீங்க. தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைகிட்ட எவன் சொல்லுவான்? அவரு நிலாவைக் கேட்டா நாம ஏணி தேடணும், அதுதான் முறை. நரி இல்லாமப் போனா ஊருக்கு ஆகாதுன்னு அப்பா சாடையா ஆரம்பிச்சாரு. நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன மாமா, மேல விழுந்து பிடுங்காம இருந்தாச் சரின்னு இவரு பழமொழியை எடுத்து விட்டாரு. அப்பா துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

போனவரு ஊர்ப் பெரிய தலைங்களோட பேசி, நரியைப் பிடிச்சு விடுற வரைக்கும் மாப்பிள்ளையைக் கரட்டுப் பக்கம் விடாம இருக்க ஒரு வழி கண்டுபிடிச்சாரு. மாப்பிள்ளைக்கு நாம வேண்டாம்னு சொல்லக் கூடாது, சரி. விருந்துக்குக் கூப்பிட்டா மாப்பிள்ளையும் வேண்டாம்னு சொல்லக் கூடாதில்ல? கரிநாள் விடிஞ்சதும் ஊரே வரிசை கட்டிக் கூப்பிட்டுச்சு. பெரியப்பா வீட்டுல பணியாரம். அங்கிருந்து எந்திரிச்சா சித்தப்பா வீட்டுல கச்சாயமும் மொச்சைக் குழம்பும். மாமன் வீட்டுல கோழி. உறவே இல்லாதவங்கெல்லாம் உறவு கண்டுபிடிச்சுக் கூப்பிட்டாங்க. செக்குக்காரர் வீட்டம்மா, என் கையால ஒரு வாய்னு சொல்லிட்டு, தயிர்ச்சோத்தை மலையாட்டம் குவிச்சாங்க. இவரும் துப்பாக்கியைப் பக்கத்துல சாத்தி வச்சுட்டுப் பந்திக்குப் பந்தி உக்காந்தாரு. ஏப்பம் விட்டாரே தவிர போதும்னு ஒரு சொல் சொல்லலை. கோட்டுப் பொத்தான் ஒண்ணு தெறிச்சுக் குழம்புல விழுந்துச்சு. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் மனுஷன் பொட்டுன்னு போயிட்டா என்ன பண்றதுன்னு பயம்.

மத்தியானத்துக்குள்ள வலைக்காரங்க நரியைப் பிடிச்சுட்டாங்க. கோயிலைச் சுத்தி வந்தாங்க, எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அப்புறம் கரட்டடிக்குக் கொண்டுபோனாங்க. பந்தி முடிஞ்ச இவரும் துப்பாக்கியும் கையுமா என்கூட அங்க வந்து சேர்ந்துட்டாரு. நரியை அவுத்துவிட்டாங்க. கூட்டம் போட்ட கூச்சல்ல அது மிரண்டு, கரட்டுப் பக்கம் ஓடாம எங்களைப் பார்த்து ஓடி வந்து, கிட்டத்துலயே திகைச்சு நின்னுருச்சு. மாலை ஒத்தைக் காதுல தொங்குது. பாறையில சாய்ஞ்சு கெடந்த என் வீட்டுக்காரரு மெதுவா எந்திரிச்சு, துப்பாக்கியைத் தூக்கிட்டாரு. ஊர்க் கண்ணு பூரா அவரு மேல. எங்க அப்பா கண்ணை மூடிக்கிட்டாரு. அப்பவும் ஒருத்தரும் வாயைத் தொறக்கலை, மாப்பிள்ளையாச்சே.

அதுவரைக்கும் அவருகிட்ட ஆமாங்க, இல்லைங்க தவிர நான் எதுவும் பேசினதில்லை. எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, துப்பாக்கிக் குழலைப் பிடிச்சுத் தரையைப் பார்க்க அழுத்தினேன்.

"இதைச் சுட்டீங்கன்னா நான் உங்ககூட வரமாட்டேனுங்க."

நரி துள்ளிக் கரட்டுக்குள்ள ஓடி மறைஞ்சுது. அவரு என்னையே பார்த்தாரு. கத்தப் போறாருன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மனுஷனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"தாயே, இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? இது இரவல் துப்பாக்கி. எனக்குச் சுடவே தெரியாது. யாராச்சும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் வீடு வீடாப் போய்த் தின்னுக்கிட்டிருந்தேன்."

எனக்கு அந்த மனுஷனை அப்பத்தான் பிடிச்சுது.