குச்சியில் சுற்றிய புழு

அந்த ஆஸ்பத்திரியில் வார்டு வாசலுக்கு எதிரே சுவரில் பெரிதாக ஒரு படம் இருந்தது. ஒரு கோல், அதைச் சுற்றி ஒரு பாம்பு. மருந்துக்கடைப் பலகை, டாக்டர் கார் என்று எத்தனையோ இடத்தில் பார்த்ததுதான். உட்கார்ந்து பார்க்க அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் உள்ளே காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய், கால் விரலில் வந்த புண்ணைச் சாக்ஸுக்குள் மறைத்தே நாலு வாரம் ஓட்டிவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆவடியிலிருந்து வானகரம் வரை ஆட்டோவில் நான்தான் கூட்டிவந்தேன்.

தரை துடைக்கும் பெண் வாளியோடு வந்து நின்றாள்.

"இன்னா ஆயா, அத்தயே மொறச்சிகினு கீறே? கொத்தாது, பயப்படாதே."

"பாம்பு மாதிரி இல்லையேம்மா. நரம்புச் சிலந்திப் புழு மாதிரில்ல இருக்கு."

"புழுவா? மொதல்ல கண்ணாடிய மாத்து ஆயா!"

அந்தப் பக்கம் போன சின்ன டாக்டர் பெண் நின்றுவிட்டாள். "நரம்புச் சிலந்தியா? நீங்க பாத்திருக்கீங்களா பாட்டி?"

பார்த்திருக்கிறேன். ராமநாதபுரத்துப் பக்கம் நான் பிறந்த ஊரில் ஊருணியில் கால் வைத்து இறங்கித்தான் தண்ணீர் எடுப்போம். அதைக் குடித்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் வெடித்து, வெள்ளை நூல் போலப் புழு தலை நீட்டும். அதை விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான் இழுக்க வேண்டும். என் அக்காவுக்கு வந்தபோது அப்பா பொறுக்கமாட்டாமல் ஒரேயடியாக இழுத்தார். புழு உள்ளேயே அறுந்துவிட்டது. கால் வீங்கி, சீழ் வைத்து, முழங்கால் மடங்காமலே போனது. சாகும்வரை அவள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

இதையெல்லாம் சொன்னேன்.

"இது கிரேக்க நாட்டு வைத்தியச் சாமியோட கோல்னு சொல்வாங்க பாட்டி. பாம்பு தோலை உரிச்சுப் புதுசாகுதுல்ல, அதான் நோய் தீர்றதுக்கு அடையாளமாம். ஆனா நீங்க சொல்ற மாதிரி, குச்சியில புழுவைச் சுத்துனதுலேருந்துதான் வந்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் புஸ்தகத்துலதான் படிச்சேன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டாக்டருக்குப் படித்த ஒருத்தி நான் சொன்னதைச் சரி என்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற எனக்கு, உள்ளே என்னவோ நிமிர்ந்துகொண்டது. அவசரப்படாதே என்பதைத்தான் இவர்கள் சுவரிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று நானாக ஒரு அர்த்தம் செய்துகொண்டேன்.

அரை மணி கழித்து ஆபரேஷன் டாக்டர் கூப்பிட்டார். இரண்டு விரலை இன்றைக்கே எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். வேறு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அன்றைக்குப் பேசினேன்.

"அவசரப்பட வேணாங்கய்யா. ரெண்டு நாள் மருந்து குடுத்துப் பாருங்க."

"மேல ஏறும்மா. ரெண்டு நாள் விட்டா விரலோட நிக்காது."

"பாக்கலாங்கய்யா."

அவர் மறுபடியும் எடுத்துச் சொன்னார். சாயங்காலம் அந்தச் சின்னப் பெண்ணும் வந்து கெஞ்சினாள். "பாட்டி, அது வேற, இது வேற." நான் அசையவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அந்தத் தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் தன்னையேதான் திட்டிக்கொள்வார். "புண்ண மறைச்சேன்ல புள்ள, அதுக்குத்தான் இந்தத் தண்டனை. ஒன்னையும் சேத்து வதைக்கேன்." என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கப் போவார். போகும்போதெல்லாம் இதே பேச்சு. எட்டு மாதம் நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் சொல்லிவிட்டேன். முதல் நாள் இரண்டு விரல்தான் கேட்டார்கள், நான்தான் வேண்டாம் என்றேன் என்று.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏன்?" என்றார்.

அக்காவின் காலைச் சொன்னேன். புழுவைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே ஒரு பதிலாகப் படவில்லை.

"சரி" என்றார்.

அதற்கப்புறம் அவர் என் தோளைப் பிடிப்பதில்லை. மாடிவீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும் முன் வந்து குளியலறைக்குக் கூட்டிப்போகிறார். அவர் வர எட்டு மணி ஆகும். அதுவரை இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் அடுப்படியில் நிற்கிறேன்.