துரை நாயோடு படகேறிய நாள்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் விறகுக் கிடங்கைத் தெரியாதவர் அந்தக் காலத்தில் கிடையாது. மலாய் நாட்டில் கப்பலை விட்டு இறங்கியபோது என்னிடம் இருந்தவை உடுத்த வேட்டி ஒன்று, மாற்று வேட்டி ஒன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே என் வாசலில் நாலு மாட்டுவண்டிகள் நின்றன. ரயில்வே குடியிருப்பில் பாதி வீட்டு அடுப்பு என் விறகில்தான் எரிந்தது. இதையெல்லாம் எனக்கு யாரும் செய்து கொடுக்கவில்லை.

அந்தக் கிடங்கைக் காத்த நாயைப் பற்றியும் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரத் துரை தன் கையால் கொடுத்தது என்று நானே சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் துரை என் கையைக் குலுக்கிய இடத்தோடு கதையை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு நடந்தது இது.

துறைமுகத்துக்கு எதிரே, நீரைத் தாண்டி, ஒரு தீவில் தோட்டம் இருந்தது. அங்கிருந்துதான் எனக்கு உப்புநீர்ச் சேற்றில் வளரும் பக்காவ் மர விறகு வரும். தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பப் போகிறார், நாயைக் கொண்டுபோக முடியவில்லை, உனக்கு வேண்டுமா என்று ஆள் அனுப்பினார். நான் புதிதாகத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நாய் என் இடுப்பு உயரம் இருந்தது. துரை வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. 'டேய்' என்று கூப்பிட்டேன். அது துரையைப் பார்த்தது.

தோட்டத்தை விட்டுப் படகுத்துறைக்கு நடந்து வந்தேன். அக்கரைக்குப் போகும் பயணிப் படகு ஒன்றுதான். அன்றைக்கு அதில் ஒரு மலாய்க் கல்யாணக் கூட்டம் ஏறியிருந்தது. மாப்பிள்ளை ஒரு மீன்பிடிக்கிற பையன். வெள்ளிச் சரிகை போட்ட உடுப்பும் தலைப்பாகையுமாக, அசையவே பயந்து உட்கார்ந்திருந்தான். அவன் தகப்பனார் ஒரு பெரியவர், பக்கத்தில். பெண்கள் மடியில் துணி மூடிய தட்டுகள். அக்கரையில் ஒரு கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், பெண் வீடு, இமாம் வந்து காத்திருக்கிறார். எங்கள் ஆள் என்று சொல்ல ஒரே ஒருவர், மூட்டையில் துணி கட்டி விற்கிற ஒரு பாய். மூட்டையை மெழுகுத் துணியால் சுற்றி வைத்திருந்தார்.

"என்ன தம்பி இது, நாயா, கன்னுக்குட்டியா?" என்றார்.

"துரை வீட்டு நாய் பாய். புலியையே வெரட்டியிருக்கு."

"அப்படியா? இப்ப உன் காலுக்குப் பின்னாலதான நிக்குது."

படகுக்காரர் கையை ஆட்டினார். "தா பொலே, தம்பி. தா பொலே லா." கூடாது என்றார். மலாய்க்காரர்கள் நம் ஆட்கள் எல்லாரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டுப் போட்டவனையுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. படகின் பின்னால் சம்பான் என்கிற சின்னத் துடுப்புத் தோணியைக் கட்டியிருந்தார். நீயும் நாயும் அதில் உட்காருங்கள், இழுத்துக்கொண்டு போகிறேன், என்று சைகை காட்டினார்.

அது நியாயமான பேச்சு. நாயின் ஈரம் பட்டால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஜனங்களோடுதானே பிழைப்பு நடத்தினேன். ஆனால் சம்பானின் அடியில் ஒரு கை அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு, நாயோடு நாயாக, படகின் வாலில் இழுபட்டுக்கொண்டு போவதா? அக்கரையில் என்னைத் தெரிந்தவர்கள் நிற்பார்களே.

"என் நாய் சொன்ன பேச்சைக் கேக்கும். நான் புடிச்சுக்கறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். மலாயிலும் சொன்னேன்.

படகுக்காரர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கொஞ்ச நேரம் என் கோட்டைப் பார்த்தார். அக்கரையில் நேரமாகிக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, தம் ஆட்களையும் பாயையும் படகின் பின்பக்கம் நெருக்கி உட்கார வைத்தார். முன்பக்கம் முழுதும் எனக்கும் நாய்க்கும். அந்த இடம் எனக்காக ஒதுக்கிய மரியாதை என்று நினைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பாதி வழியில் பக்காவ் மரங்களை ஒட்டிப் படகு போகும். அங்கே சேற்றில் ஓர் உடும்பு படுத்திருந்தது. நாய் அதைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான். கயிறு என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. "டேய்! டேய்!" என்று கத்தினேன். அதற்கு அது பெயரே இல்லையே. தண்ணீரில் குதித்துவிட்டது.

உடும்பு போய்விட்டது. நாய் சேற்றில் சிக்கித் திணறியது. படகுக்காரர், சம்பானில் ஏற்றலாம், சம்பானில், என்று கத்தினார். பெண்கள் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அப்போதாவது நான் கேட்டிருக்கலாம். எனக்குக் கிட்டத்தில்தான் நாயின் தலை இருந்தது. கழுத்துப் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாகப் படகுக்குள் இழுத்துப் போட்டேன். என் பலம் அப்படி. மூட்டை தூக்கி வளர்ந்த தோள்.

நாய் எழுந்து நின்றது. நேராகப் பின்பக்கம், ஆட்கள் இருந்த இடத்துக்கு நடந்தது. அங்கே நின்று, மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சேறும் தண்ணீரும் மாப்பிள்ளையின் சரிகையில், முகத்தில், தட்டுகளின் மேல், பெரியவரின் வெள்ளைத் தொப்பியில். மாப்பிள்ளை தன் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முதலில் பார்த்தது என் கோட்டை. இழுத்த கையின் ஓரத்தைத் தவிர ஒரு சொட்டு இல்லை. உதறியபோது நான் நாய்க்குப் பின்னால், தள்ளி இருந்தேன்.

"பாய், என்ன செலவோ நான் குடுத்துடறேன்னு சொல்லுங்க" என்றேன்.

பாய் தாடியைத் துடைக்கவும் முடியாமல் இருந்தார். "காசை உள்ள வையி. நாய் ஈரம் பட்டா ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணு கரைச்ச தண்ணி. எனக்கும்தான். இப்படியே போயி அந்தப் புள்ள நிக்காஹ்ல உக்கார முடியுமா? இமாமு எவ்வளவு நேரம் இருப்பாரு?"

அக்கரைத் துறைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. ஆண்கள் இந்தப் பக்கமும் பெண்கள் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கமுமாகக் கழுவினார்கள். வெற்றிலைத் தட்டையும் பலகாரத் தட்டையும் இனி ஆகாது என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். தண்ணீராவது இறைத்துக் கொடுக்கலாம் என்று வாளியைத் தொடப் போனேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை. "ஜாங்கான், தம்பி" என்றார். வேண்டாம் என்று. நாயைப் பிடித்துத் தூக்கியவன் கையல்லவா? அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு மாமன்மார் மண்ணைக் கரைத்துப் பூசினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிழவி ஏதோ சொன்னாள். ஆண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான்.

"என்ன பாய் சொல்றாங்க?"

"மாப்பிள்ளைக்கு நல்ல பவுடரா பூசுங்க, பொண்ணு மெரண்டுடப் போகுதுங்கறா."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சரிகை உடுப்பு ஈரம் சொட்டியது. பாய் தன்னைக் கழுவிக்கொண்டு, மூட்டையின் மேல் சுற்றியிருந்த மெழுகுத் துணியையும் கழுவிவிட்டு, மூட்டையை அவிழ்த்தார். உள்ளே எல்லாம் உலர்ந்து கிடந்தன. இருப்பதில் நல்லதாக ஒரு சாரோங்கும் சட்டைத் துணியும் எடுத்து நீட்டினார். துணியை மேல்துண்டாகப் போர்த்திக்கொண்டு அந்தப் பையன் கல்யாணத்துக்குப் போனான். பாயையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார்கள்.

நான் ரயிலடிக்கு வந்தேன். நாயைச் சாயந்திர வண்டியில், கார்டு பெட்டியில்தான் ஏற்ற முடியும் என்றார்கள். சரக்குக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்தேன். மழை மூட்டம். இமாம் எழுந்து போயிருப்பாரோ, கல்யாணம் நின்றிருக்குமோ என்றே மனம் ஓடியது. போய்க் கேட்கவும் முகமில்லை. தெரிந்த வண்டிக்காரன் ஒருவன், "யாரோட நாய்ண்ணே?" என்று கேட்டான். "துரையோடது" என்றேன். என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

பொழுது சாயும்போது பாய் வந்தார். கையில் இரண்டு வாழை இலைப் பொட்டலம்.

"நடந்துச்சா பாய்?"

"நடந்துச்சு, நடந்துச்சு. இமாமு இருந்தாரு. இந்தா, ஒண்ணு உனக்கு. ஒண்ணு அதுக்கு."

"எதுக்கு?"

"நாய்க்குத்தான். பெரியவரு எலும்பையெல்லாம் எடுத்துத் தனியாக் கட்டச் சொன்னாரு."

நான் பொட்டலங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பாய் நாயிடமிருந்து நாலடி தள்ளியே நின்றார்.

"மாப்பிள்ளை ஏதாச்சும் சொன்னாரா?"

"கேட்டாரு. அந்த நாய் குளுர்ல நடுங்கிக்கிட்டு இருந்துச்சே, அந்தத் தம்பி அதத் தொடச்சு விட்டாரான்னு கேட்டாரு."

நாயைப் பார்த்தேன். காலையிலிருந்து அதே ஈரத்தில், வாலை அடியில் சுருட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் ஆட உட்கார்ந்திருந்தது. ஒரு தடவைகூட நான் அதைத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. கொட்டகையில் ஒரு சாக்குக்கூட இல்லை.

கோட்டைக் கழற்றினேன். காது, கழுத்து, வயிறு, கால் என்று கோட்டின் உள்பக்கத்தாலேயே அழுத்தித் துடைத்தேன். சேறு அப்பியிருந்த இடங்களில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். அது அசையாமல் காட்டியது. அப்புறம் அதன் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். என்னுடையதையும் பிரித்தேன். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி. எத்தனையோ பணக்கார வீட்டுப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியபோது, "கோட்டு எங்க முதலாளி?" என்று என் வண்டிக்காரர்கள் கேட்டார்கள். கோட்டு நாயின் முதுகில் இருந்தது. துரை என் கையைக் குலுக்கியதை மட்டும் சொன்னேன்.